ஒன்பதிலிருந்து பத்து வரை கட்டிய பூ

"எப்பவும் போல இருங்கம்மா, அது போதும்" என்று மதுரை டாக்டரம்மா சொல்லிவிட்டார், சொல்கிறவருக்கு என்ன, எப்பவும் போல இருப்பது எப்படி என்று நாகஜோதியும் ஒரு வாரமாக யோசித்துப் பார்க்கிறாள், யோசிக்க ஆரம்பித்த உடனேயே அது கையை விட்டுப் போய்விடுகிறது, எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினால் கால் பின்னிக்கொள்ளுமே, அந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. செல்லில் பத்து மணிக்கு அலாரம் வைத்தாயிற்று. வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே சாக்கை விரித்து, காலை நீட்டி, நூலின் நுனியைக் கால் கட்டைவிரலில் ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் முறத்தில் மல்லிகை மொட்டு, அதன் மேல் ஈரத்துணி. இடது பக்கம் தொடையோரமாக ஒரு சின்னக் கிண்ணத்தில் கனகாம்பரம். எதிரே மகள் கனிஷ்கா, வருகிற ஆனியில் ஆறு வயசு முடிகிறவள், பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்க, முன்னால் கவிழ்த்த வாளி, அதுதான் டிரைவர் சீட்டு. பயணிகள் யார் யார் என்றால் அப்பாவின் செருப்பு ஒரு ஜோடி, ஒரு காது பிய்ந்த கரடி, நேற்றுச் சந்தையில் வாங்கிய பூசணிக்காய். பூசணிக்காய்க்கு அரை டிக்கெட். "நெலக்கோட்ட, செம்பட்டி, திண்டுக்கல் ஏறு! உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத, ஏம்பா ஓம் பையத் தூக்கி மடியில வையி!" டிரைவரும் கண்டக்டரும் ஒரே ஆள், நடுவில் செக்கிங்காக ஏறுகிறவளும் அவளே, தன்னையே பிடித்து அபராதம் போட்டுத் தானே அழுதும் காட்டினாள். நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா? எப்பவும் சிரிக்கிறவள்தானே, சிரிக்கலாம்.

வீட்டில் அதற்கு வைத்திருக்கிற பேர் நின்னுபோறது. டாக்டரம்மா சொன்ன பேரில் வலிப்பு என்ற வார்த்தை இருந்தது, அதை நாகஜோதி மதுரையிலேயே பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். வலிப்பு என்றால் வாயில் நுரை, கையில் சாவிக்கொத்து, சந்தையில் கூட்டம் கூடுவது. கனிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள், பாதி வார்த்தையில் நின்றுபோவாள், அவ்வளவுதான். இட்லியைப் பிட்ட கை அந்தரத்தில் நிற்கும். கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்காது, இமை மட்டும் படபடவென்று ஈரத்துணியில் ஒட்டிய பூச்சி இறக்கை அடிக்கிற மாதிரி அடித்துக்கொள்ளும். பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்து, விட்ட வார்த்தையின் மிச்சத்தைச் சொல்லி, இட்லியை வாயில் போட்டுக்கொள்வாள். போனதும் அவளுக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. ஒரு வருஷமாக எல்லோரும் பராக்கு என்றார்கள், டீச்சரும் பராக்கு என்றார், நாகஜோதியே அதைச் சொல்லி முதுகில் ஒன்று வைத்திருக்கிறாள். மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் டாக்டரம்மா ஒரு மணி நேரம் எண்ணிவரச் சொன்னபோது பதினொன்று வந்தது. இப்போது காலையும் ராத்திரியும் ஒரு மூடி மருந்து, ஒரு மாசமாயிற்று. "கொறஞ்சிருந்தா இதே மருந்து, இதே அளவு. கொறையலைன்னா வேற மருந்துக்குப் போகணும், அதுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாக்கணும். நீங்க சொல்ற கணக்கை வச்சுத்தான் நான் முடிவு பண்ணுவேன். கூப்பிடாதீங்க, தொடாதீங்க, உலுக்காதீங்க. பாருங்க, எண்ணுங்க." நாளைக்குத் திங்கட்கிழமை போய்ச் சொல்ல வேண்டும். பேப்பரில் கோடு போடச் சொல்லியிருந்தார். முதல் நாள் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தால், கனி விளையாட்டை விட்டுவிட்டு வந்து, "என்னம்மா எழுதுற? ஏம்மா என்னையவே பாக்குற?" என்று மடியில் ஏறிவிட்டாள். சும்மா உட்கார்ந்திருக்கிற அம்மாவை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, பயந்திருப்பாள். அப்புறம்தான் பூ. பூ கட்டுவதற்குக் கண் வேண்டாம். கண்ணைப் பிள்ளை மேல் வைத்துக்கொண்டு கையைப் பூவில் விட்டுவிடலாம், நின்றுபோகிறபோதெல்லாம் ஒரு கண்ணி கனகாம்பரம் வைத்துக் கட்டிவிட வேண்டியது. கடைசியில் வெள்ளையில் சிவப்பு எத்தனை என்று எண்ணினால் போதும். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும், சிரிப்பார், அவர் சிரித்தால் நன்றாக இருக்கும், பல் வரிசை.

"சில்லறையா குடுங்கம்மா, ஆளாளுக்கு நூறு ரூவாய நீட்டுனா நான் எங்கிட்டுப் போ" என்று செருப்பிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் நின்றாள். கை நீட்டியபடி. கிழித்த காலண்டர் தாள்தான் டிக்கெட், அது விரலிடுக்கில். இமை. நாகஜோதியின் வயிற்றுக்குள் எப்போதும் போல ஒரு படி தவறியது, வாய் தானாகத் திறந்தது, கனீ என்று ஒரு குரல் தொண்டை வரைக்கும் வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. கூப்பிடக் கூடாது. மொட்டை எடுக்கப்போன கை இடது பக்கம் போய்க் கனகாம்பரத்தை எடுத்தது, இரண்டு காம்பைச் சேர்த்து நூலைச் சுற்றி இழுத்தது. "...வேன்?" என்றாள் கனி, தாளைக் கிழித்துச் செருப்புக்குள் செருகினாள், பஸ் கிளம்பியது. ஒன்று. ஒன்றுதானே, மணி இன்னும் ஒன்பதேகால் ஆகவில்லையே, கால் மணிக்கு ஒன்று என்றால் ஒரு மணிக்கு நாலு, அப்படிக் கணக்குப் போடக் கூடாது, நேற்று, முதல் பத்து நிமிஷத்திலேயே மூன்று வந்து அப்புறம் ஒன்றுமே வரவில்லை. முதல் தடவை மதுரையில் மெஷின் வைத்துப் பார்த்த அன்றைக்கு, தலை முழுக்கப் பசை தடவி வயர் வயராக ஒட்டி, கனி கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "அம்மா நான் கரண்டு கம்பமா?" என்று கேட்டாள், அந்த நர்சுப் பிள்ளை சிரித்தது, அப்புறம் கையில் ஒரு காகிதக் காத்தாடியைக் கொடுத்து ஊது ஊது என்றார்கள். திருவிழாவில் விற்பார்களே, அதே காத்தாடி. ஆஸ்பத்திரியில் காத்தாடி எதற்கு என்று நாகஜோதிக்கு ஆச்சரியம். மூச்சு வாங்க ஊதினால் வரும், வந்தால் மெஷினில் தெரியும், அதற்காக. கனி கன்னம் உப்ப ஊதினாள், காத்தாடி சுற்றியது, இன்னும் ஊது தங்கம், இன்னும், பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஊதிக்கொண்டே இருந்தவள் நின்றுபோனாள். காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதுதான் நாகஜோதியால் மறக்க முடியாதது, பிள்ளை நின்றுவிட்டாள், பிள்ளை ஊதிய காற்று மட்டும் இன்னும் அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் கோடெல்லாம் சீப்புப் பல் மாதிரி எழும்பியது. "இதோ பாருங்கம்மா, இதுதான்" என்று டாக்டரம்மா காட்டியபோது அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது, இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, பராக்கு இல்லை, என் பிள்ளை சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கனி மடியில் தூங்கினாள், முடியெல்லாம் பசை, வீட்டுக்கு வந்து வெந்நீர் போட்டுச் சீயக்காய் தேய்த்தும் போகவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "பாப்பா தலையில பேனா?" என்று தள்ளி உட்கார்ந்தது, அதற்குக்கூட அன்றைக்குக் கோபம் வரவில்லை, ஆமாக்கா நெறைய என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள், வாடிப்பட்டி தாண்டும்போது நல்ல மழை.

நூல் தீரப்போகிற மாதிரி கட்டைவிரலில் ஒரு இழுப்பு. நாகஜோதி குனிந்து பார்த்தாள். மடியில் ஒன்றரை முழம் பூ கிடந்தது. எப்போது கட்டினாள்? சிவப்புக்கு அப்புறம் முழுக்க வெள்ளை, கண்ணி கண்ணியாக நெருக்கமாக, ஒரு பிசிறு இல்லை, அவள் கை கட்டியதுதான், ஆனால் அவள் கட்டவில்லை. வாடிப்பட்டி மழையில் இருந்தாள். நிமிர்ந்தால் கனி கரடிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், கரடிக்கு எப்போது தாகம் எடுத்தது, பஸ் எங்கே நின்றது, அதைக் காணவில்லையே. கண் பிள்ளை மேல்தான் இருந்தது, சத்தியமாக அங்கேயேதான் இருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை. அடியே. பிள்ளை நிற்கிறாளா என்று பார்க்க உட்கார்ந்தவள் நின்றுபோய்விட்டாள். அதுவும் அளந்து பார்த்தால் ஒன்றரை முழம். கனி போனால் ஒரு கண்ணி கட்டுகிற நேரம்தான், இவள் போனால் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குகிற நீளம். சிரிப்பும் பயமும் சேர்ந்து ஏறியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சார் சாக்பீஸ் துண்டால் இவள் நெற்றிக்குக் குறி பார்த்து எறிவார், "நாகஜோதி எந்த ஊருக்குப் போயிருக்க, வரும்போது எனக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வா" என்பார், வகுப்பே சிரிக்கும், இவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் இமை அடித்துக்கொண்டதா என்று யார் பார்த்தார்கள். என் ரத்தத்திலிருந்து வந்ததா? டாக்டரம்மாவிடம் கேட்டாள், "யோசனை பண்றது வேற, இது வேறம்மா, நீங்க யோசனை பண்ற ஆளு" என்றார், அதை ஒரு பட்டம் கொடுத்த மாதிரி வீட்டுக்காரரிடம் சொன்னாள், சௌந்தரபாண்டி பூ மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், "யோசன பண்ற ஆளு சாம்பார்ல உப்பப் போட யோசிக்கலையே" என்றார். சரி, இப்போது என்ன செய்வது? அந்த ஒன்றரை முழத்தில் கனி நின்றாளா, நிற்கவில்லையா? நின்றிருந்தால் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும், வயிற்றுக்குள் படி தவறியிருக்கும். தவறியிருக்குமா? தூங்குகிறபோது பிள்ளை சிணுங்கினால் எழுந்துவிடுகிறோமே, அந்த மாதிரி. அப்படித்தான் இருக்கும். வெள்ளையாகவே இருக்கட்டும். வெள்ளை என்றால் நிற்கவில்லை என்று அர்த்தம், ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, பதினொன்றிலிருந்து ஒன்று, டாக்டரம்மா பல் தெரியச் சிரிப்பார், ரத்தம் எடுக்க வேண்டாம், ஊசியைக் கண்டால் கனி போடுகிற கூச்சலில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும். நினைக்க எவ்வளவு இனிப்பாக இருந்தது. ஆனால் கணக்கை நான் குறைத்தால் மருந்தா கேட்கப்போகிறது, சாலையைக் கடக்கிறபோது நடுவில் நின்றுபோகிற பிள்ளையிடம் லாரிக்காரனா கேட்கப்போகிறான். முறத்திலிருந்து ஒரு வேப்ப ஈர்க்கை எடுத்து இரண்டாக ஒடித்து, ஒன்றரை முழத்தின் ஆரம்பத்திலும் முடிவிலும் கண்ணிக்குள் செருகிவைத்தாள். இது வெள்ளை இல்லை, இது நான் பார்க்காதது.

"என்னடி, பிள்ள வெளாடுது, ஆத்தாகாரி சினிமா பாக்கிற மாதிரி வாயப் பொளந்துக்கிட்டு ஒக்காந்திருக்க?" ஓரகத்தி தவமணி, சௌந்தரபாண்டியின் அண்ணன் பெண்டாட்டி, ஒரே வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்ததில் அந்தப் பக்கம் இருக்கிறவள், தலையைத் துவட்டிக்கொண்டே வந்து சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒக்காருக்கா. சத்தமாப் பேசாத." "ஏன், பிள்ளைக்குப் பரீட்சையா?" "எனக்குத்தான் பரீட்சை." தவமணி உதட்டைப் பிதுக்கினாள். எண்ணுகிற வேலை அவளுக்குப் பிடிக்காது, முதல் நாளே சொல்லிவிட்டாள், ஆட்டை எண்ணு, மூட்டையை எண்ணு, பிள்ளை செய்கிறதை எண்ணாதே, எண்ணினால் அது வளரும் என்று. "எங்க வீட்டுல பெரியவன் ஏழு வயசு வரைக்கும் இப்பிடித்தான் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நிப்பான். இப்ப பாரு, நிக்கச் சொன்னாக்கூட நிக்க மாட்டேங்கிறான், ஊரு மேஞ்சிட்டு ராத்திரிக்குத்தான் வீட்டுக்கு வாரான்." "அது வேறக்கா." "என்னத்த வேற. மதுரக்காரி சொன்னா வேற, நான் சொன்னா வேறயா?" நாகஜோதி கண்ணைப் பிள்ளை மேலேயே வைத்திருந்தாள், பதில் சொன்னால் அது இந்தப் பக்கம் திரும்பும். கனியே இடையில் வந்து தவமணியின் முன்னால் கை நீட்டினாள். "பெரியம்மா, ஏறுறீங்களா? எறங்குறீங்களா?" "நான் நடந்தே போறேன்டி ஆத்தா, ஓன் வண்டில கூட்டமா இருக்கு." "எடம் இருக்கு, செருப்ப எந்திரிக்கச் சொல்றேன்." "செருப்ப எந்திரிக்க வச்சிட்டு நான் ஒக்காரணுமாக்கும், நல்ல மருவாதடி." கனி விழுந்து விழுந்து சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நாகஜோதி மொட்டு மொட்டாக வைத்துக்கொண்டு போனாள். இந்த ஒரு வாரமாக இப்படித்தான், தினமும் ஒரு மணி நேரம் மகளைப் பார்ப்பதே வேலை, பெற்று ஆறு வருஷத்தில் இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை, குளிப்பாட்டும்போது பார்த்தது அழுக்கை, சோறு ஊட்டும்போது பார்த்தது வாயை, தலை பின்னும்போது வகிட்டை. முழுசாக இப்போதுதான் பார்க்கிறாள். இடது காலைத்தான் முதலில் வைக்கிறாள். பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுகிறாள். யாரும் பார்க்காதபோது கரடியின் பிய்ந்த காது இருந்த இடத்தில் முத்தம் கொடுக்கிறாள். நின்றுபோவதை எண்ண வந்த இடத்தில் இத்தனையும் சும்மா கிடைத்தது.

குக்கர் விசில் அடித்தது. இரண்டு போதும், மூன்றாவது அடித்தால் பருப்பு கூழாகிவிடும், வீட்டுக்காரர் வருகிற நேரம். எழுந்திருக்கலாம் என்றால் கட்டைவிரலில் நூல், அவிழ்த்து நாற்காலிப் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். "அக்கா, செத்த அவளப் பாத்துக்க!" அடுப்பைக் குறைத்து, விசில் அடங்கக் காத்திருந்து, கைகழுவி, இதற்குள் செல் வேறு அடித்தது, சௌந்தரபாண்டி, "என்ன, எத்தன?" என்று ஒரே கேள்வி, இந்த வாரம் முழுக்க அவருக்கு ஹலோ என்பதே அதுதான். "இன்னும் முடியல, வைங்க, முடிச்சிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு வெளியே வந்தாள். வந்தவள் நின்றாள். தவமணி நூலைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு மும்முரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாலு விரல் வெள்ளை, ஒரு கனகாம்பரம். நாலு விரல் வெள்ளை, ஒரு கனகாம்பரம். அளவெடுத்த மாதிரி. "அய்யய்யோ அக்கா!" "என்னடி, தேளு கொட்டுன மாதிரி?" "என்னக்கா பண்ணிவச்சிருக்க?" "என்ன பண்ணுனேன்? கடைக்குக் கதம்பம் கேட்டாங்கன்னு நேத்துச் சொன்னேல்ல. நீ எங்கேயோ ஒண்ணு வச்சிட்டு அப்புறம் காத தூரத்துக்கு வெறும் மல்லியாக் கட்டி வச்சிருக்க, நடுவுல ஈர்க்குச்சி வேற. எந்தக் கடக்காரன் வாங்குவான்? சரி பாவம், தூங்கிக்கிட்டே கட்டியிருக்கான்னு நாந்தான் ஒழுங்கு பண்ணி வைக்கிறேன்." நாகஜோதி தலையில் கை வைத்துக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தாள், அழலாமா என்று ஒரு கணம், அப்புறம் தோள் குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொன்று நின்ற பிள்ளையைத் தவமணியக்கா கால் மணி நேரத்தில் ஒழுங்காக நாலு விரலுக்கு ஒருதரம் நிற்க வைத்துவிட்டாள். டாக்டரம்மாவிடம் இந்தப் பூவைக் கொண்டுபோய்க் காட்டினால் அலறிவிடுவார். "சிரிக்கிறா பாரு, நல்லது செஞ்சா சிரிப்பு." "அக்கா, கனகாம்பரம் அழகுக்கு இல்லக்கா. கனி நின்னுபோனா ஒண்ணு வைக்கிறேன், அதுதான் என் கணக்கு." தவமணியின் விரல் நூலில் அப்படியே நின்றது. மடியில் கிடந்த சரத்தைப் பார்த்தாள், தான் வைத்த சிவப்பு ஒவ்வொன்றையும் பார்த்தாள். "அடப் பாவி, முன்னாடியே சொல்லக் கூடாது?" என்று சொல்லிக்கொண்டே, ஏதோ சுடுகிறதைத் தொட்ட மாதிரி, தன் கண்ணிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தாள். நாகஜோதி தடுக்கவில்லை. எது யார் கை என்று தெரியும், தவமணி நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சை மேல் பக்கம் வைப்பாள், அந்த வேறுபாடு நிலக்கோட்டை மார்க்கெட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். அவிழ்த்துக்கொண்டே வந்த தவமணி ஒரு சிவப்பில் கையை நிறுத்தினாள். "இது இருக்கட்டும்" என்றாள். "ஏங்க்கா?" "இருக்கட்டும்னா இருக்கட்டும்." நாகஜோதி அவள் முகத்தைப் பார்த்தாள். "நின்னாளாக்கா?" "பிள்ளைன்னா ஓடும், நிக்கும், அதையெல்லாமா..." என்று ஆரம்பித்தவள் குரலைத் தணித்தாள். "நீ உள்ள போன உடனே. செருப்பக் கையில வச்சுக்கிட்டு, பேச வாயெடுத்தது அப்பிடியே." "கண்ணு எமை அடிச்சிச்சா?" தவமணி உதிர்ந்த கனகாம்பரத்தைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள், எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகுதான், "அடிச்சிச்சுடி" என்றாள். "நான் வேற மாதிரின்னுல்ல நெனச்சிருந்தேன். இம்புட்டு நாளும் பக்கத்துல நின்னு பாத்ததில்ல." நாகஜோதி அந்தச் சிவப்பை விட்டுவிட்டு நூலைத் தன் காலுக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு.

மணி பத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. தவமணி போகாமல் அங்கேயே உட்கார்ந்து மொட்டை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துக் கொடுத்தாள், நாகஜோதி வாங்கிக் கட்டினாள், வேலை இப்படிச் சேர்ந்து நடக்கிறபோது ஒரு சுகம் இருக்கிறது, வெயில் தகரத்தில் ஏறி மேலே டிக் டிக்கென்று சத்தம், மல்லிகை வாசனைக்குள் பருப்பு வாசனை. நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், இன்னைக்கு ரெண்டு டாக்டரம்மா, ஒண்ணு நான் பாத்தேன், ஒண்ணு எங்க அக்கா பாத்தாக, நடுவுல கொஞ்ச நேரம் நான் பாக்கலை, அதையும் சேத்து நீங்களே கணக்குப் பண்ணிக்கோங்க. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. வாரம் முழுக்க எந்த நாளும் அஞ்சைத் தாண்டவில்லை, அது உள்ளது, அதை ஒன்றரை முழம் ஒன்றும் அழித்துவிடாது. அப்போது கனி நின்றாள். கரடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையை நாற்காலி முதுகில் வைத்து, தெருப்பக்கம் பார்த்து. சத்தம் நின்றது. முகம் தெரியவில்லை, முதுகும் ஒரு பக்கத்துக் கன்னமும்தான் தெரிந்தது, இமை தெரியவில்லை. ஓடிப்போய் எதிரே நின்று பார்க்கலாம் என்றால் கட்டைவிரலில் நூல், நூல் இல்லாவிட்டாலும் போகக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று. தவமணி கை ஜோடி மொட்டோடு அந்தரத்தில். ஐந்து, ஆறு. இவ்வளவு நேரம் போகாதே, இந்த வாரத்தில் இவ்வளவு நேரம் போகவில்லையே, மருந்து வேலை செய்யவில்லையா, குறைவதற்குப் பதிலாக நீளமாகிவிட்டதா, அப்படியும் ஆகுமா, அதைக் கேட்காமல் விட்டோமே. எட்டு. கனீ. கூப்பிடாதே. பத்து. கனகாம்பரம் எப்போது விரலுக்கு வந்தது என்று தெரியவில்லை, காம்பு நசுங்கி ஈரமாக இருந்தது. பன்னிரண்டு, தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று, பதினாலு. கனி திரும்பினாள். "அம்மா, இந்தப் பூசணிக்கா எங்க எறங்கணும்னு சொல்லவே இல்ல. அதுக்கு வாயே இல்லயே, எப்பிடிச் சொல்லும்?"

"சாம்பார்ல எறங்கும்டி" என்று தவமணிதான் சொன்னாள், சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வேர்த்திருந்தது. நாகஜோதி கனியின் முகத்தையே பார்த்தாள். விட்ட வார்த்தையின் மிச்சம் இல்லை இது. முதல் வார்த்தையே புதுசு. போய்விட்டு வந்தவள் இப்படிக் கேட்க மாட்டாள், அங்கேயே நின்று, வாய் இல்லாத பூசணிக்காய் எப்படி ஊர் பேர் சொல்லும் என்று யோசித்திருக்கிறாள், பதினாலு எண்ணுகிற வரைக்கும் யோசித்திருக்கிறாள். யோசித்திருக்கிறாள்! ஒரு மாசமாக இந்தப் பிள்ளை எங்கே அசையாமல் நின்றாலும் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, கதவுப் பக்கம் நின்றால், பல் தேய்த்துக்கொண்டே நின்றால், வானத்தைப் பார்த்து நின்றால். சும்மா நிற்கவும் ஒரு பிள்ளைக்கு இடம் வேண்டும்தானே. "செம்பட்டியில எறக்கி விட்டுரு" என்றாள், குரல் எப்பவும் போலவே வந்தது, "அதோட அத்த வீடு அங்கதான் இருக்கு." "அத்த பேரு என்ன?" "அத்த பேரு சொரக்கா." கனி ஒப்புக்கொண்டு விசிலை வாயால் அடித்தாள். நசுங்கின கனகாம்பரத்தை நாகஜோதி சாக்குக்கு வெளியே எறிந்தாள், தவமணி நீட்டிய ஜோடி மொட்டை வாங்கி வெள்ளையாகவே கட்டினாள். அலாரம் அடித்தது. அதை நிறுத்துவதற்குள் கனி முன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, "செம்பட்டி வழி மாத்தி விட்டிருக்காக, வண்டி பின்பக்கமாப் போகுது!" என்று அறிவித்தாள். பின்பக்கம் துணி காயப்போடுகிற இடம், சுற்றிலும் சுவர், பயமில்லை, ஆனாலும் இங்கே உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. நாற்காலி உரசுகிற சத்தம் வீட்டு முக்கில் திரும்பியது, பிள்ளையின் பாவாடை நுனியும் திரும்பி மறைந்தது. தவமணி எழப்போனாள். "இருக்கட்டும்க்கா" என்றாள் நாகஜோதி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையில் கண்ணியை இழுத்து இறுக்கிக்கொண்டே. "போயிட்டு வரட்டும்."